அரிக்கமேட்டு மணிகளும் ஆகரம் என்னும் தேர்வும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். அவன் காணும் வீதிகளுள் மணிகள் விற்கும் வீதியும் ஒன்று. வயிரத்துக்குரிய குற்றங்களான காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகியவற்றை இளங்கோவடிகள் தேர்ந்த வணிகரைப் போலவே வகுத்துச் சொல்கிறார். அக்காப்பியத்தின் போக்கையே மாற்றுவதும் ஒரு மணித்தேர்வுதான். சிலம்பினுள் இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த நொடியில் பாண்டியன் உயிர் நீத்தான். நம் முன்னோர் தம் நூல்களுக்குச் சீவக சிந்தாமணி, சூளாமணி, அருங்கலச்செப்பு என்றெல்லாம் பெயரிட்டனர். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றையும் மும்மணி என்றே வழங்கினர். மணியின் அருமையை அறிந்திருந்த சமூகத்தின் சொல்வழக்கு இது.

மணியை ஆராயும் முறைக்குத் தனி நூல்களும் தோன்றின. அலாவுதீன் கில்ஜியின் கருவூலத்தில் பணியாற்றிய தக்குர பேரு என்னும் சமணர் 1315ஆம் ஆண்டில் பிராகிருத மொழியில் இரத்தினப் பரீட்சை நூல் ஒன்றை இயற்றினார். இவ்வகை நூல்கள் நிறம், ஒளி, குற்றம், எடை, விலை ஆகியவற்றோடு ஆகரத்தையும் சேர்த்தே கேட்கும். ஆகரம் என்பது கல் பிறந்த இடம். எந்தச் சுரங்கம், எந்த ஆறு, எந்த நாடு என்பது தெரியாத கல்லின் தேர்வு நிறைவுறாது என்பது அந்நூலோர் கொள்கை. இந்த ஒரு சொல்லை மனத்திற்கொண்டு நம் ஊருக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைப் பார்ப்போம்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்தது அரிக்கமேடு. கிரேக்கர் எழுதிய பெரிப்ளூஸ் நூல் குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. மழை பெய்து மண் கரைந்தால் இங்கே வண்ண மணிகள் வெளிப்படும். ஊர்ச் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி விளையாடினர், விலைக்கும் கொடுத்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், 1937ஆம் ஆண்டு அச்சிறுவர்களிடம் மணிகளை வாங்கினார். தாமும் மேட்டின் மேற்பரப்பில் தேடிச் சேர்த்தார். அவற்றுள் ஆடவர் தலை குடைந்து செதுக்கப்பட்ட சிறு கல் ஒன்று இருந்தது. நாணயவியலும் அறிந்த அவர், அது உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கண்டார். இங்கே உண்மையான உரோம நகரம் ஒன்று புதைந்துள்ளது என்று ஆளுநருக்கும் தெரிவித்தார்.

அவருடைய கூர்நோக்குக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் அந்தத் தலைக்கல் மண்ணில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, அதன் அருகே வேறு என்ன இருந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. உரோமன் ஒருவன் மோதிரத்திலிருந்து விழுந்ததா, நம் நாட்டு வணிகர் வாங்கி வைத்ததா, இங்கேயே ஒரு கைவினைஞர் பார்த்துச் செதுக்கியதா? கல்லின் அழகு இதற்கு விடை தாராது. பின்னர் 1940களின் தொடக்கத்தில் ஃபோஷோ பாதிரியாரும் சுர்லோ என்பவரும் மேட்டைத் தோண்டினர். இருவரும் தொல்லியல் பயின்றவர் அல்லர். கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி இந்திய அருங்காட்சியகங்களுக்கும், ஒரு பகுதி வியட்நாமின் ஹனோய் நகரிலிருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் சென்றது. ஆற்றங்கரையில் ஈராயிரம் ஆண்டுகள் சேர்ந்து கிடந்தவை சில ஆண்டுகளில் கடல் கடந்து பிரிந்தன.

இவ்வளவு சிதறலுக்கிடையிலும் ஒரு சிறு குறிப்பு காரியம் செய்தது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடி ஒன்றின் பகுதியைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு உடன் இருந்ததால் அவர் புதுச்சேரிக்கு வந்தார். அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் ஓடு. 1945இல் அவர் மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரை மூலமாகக் கொண்ட செந்நிற முத்திரைக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அக்கலங்கள் வழக்கிலிருந்த காலம் ஐரோப்பாவில் முன்னரே உறுதியாகியிருந்தது. ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைகளுக்கும் மணிகளுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டு என்று காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த உறுதியான கால அளவுகோல் அது. விலைமதிப்பற்ற தலைக்கல் தர இயலாததை உடைந்த ஓடுகள் தந்தன.

பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்வு நடந்தது. ஊரின் தொடக்கம் வீலர் கருதியதினும் முற்பட்டது, உரோமர் வருகைக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று. உரோமர் நிறுவிய நகரம் என்ற எண்ணம் தமிழர் துறைமுகம் என்ற தெளிவுக்கு இடம் தந்தது. வீலர் எழுதி வைத்த அடுக்குக் குறிப்புகள் இருந்தமையால்தான் அவர் முடிவையே திருத்தவும் முடிந்தது. பொறுக்கிச் சேர்த்த மணிக்குவியலை யாராலும் இவ்வாறு திருத்த முடியாது.

மணிகளைப் பற்றியே இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சூதுபவளம், செவ்வந்திக்கல், படிகம், அகேட், கார்னெட் ஆகிய கற்களில் செய்த மணிகளும், கண்ணாடி மணிகளும் இங்கு ஏராளம். சேகரிப்போர் கை எப்போதும் மெருகேறிய முழு மணியை நாடும். ஆனால் அரிக்கமேடு மணிகளை வாங்கிய ஊர் மட்டுமன்று, மணிகளைச் செய்த ஊர் என்று நிறுவியவை எவை? வெட்டி எறிந்த சில்லுகள், பாதி துளையிடும்போது பிளந்த கற்கள், துளையிடாமல் விட்ட உருண்டைகள், கண்ணாடிக் குழல்களின் துண்டுகள். கல்லைச் சில்லெடுத்து உருவாக்கி, தேய்த்து, இரு முனையிலிருந்தும் துளையிட்டு, மெருகேற்றும் தொழிலின் ஒவ்வொரு படியையும் அக்கழிவுகளே காட்டின. நகைக் கடைக்காரர் பெருக்கித் தள்ளும் பொருள் அது. கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கி மணியாக்கும் அதே முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நீடித்தது. அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொருளுணர முடிந்ததும் இக்கழிவுகள் கிடைத்ததால்தான்.

அருகன்மேடு என்பதே அரிக்கமேடு என மருவிற்று என்று நம்மவருள் சிலர் பெருமையோடு சொல்வதுண்டு. ஆறு அரித்த மேடு என்று பொருள் கொள்வோரும் உளர். பெயரொலி ஒன்றையே சான்றாக்கி அங்கே ஜினாலயம் இருந்தது என எழுதுவது நமக்குப் பெருமை சேர்க்காது. கல்லுக்குக் கேட்கும் ஆகரத்தைச் சொல்லுக்கும் கேட்க வேண்டும்.

மேல்சித்தாமூர் மடத்துக்குச் செல்லும் அன்பர்கள், புதுவைக்கும் மயிலத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள திருவக்கரையையும் ஒருமுறை காணலாம். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781இல் பதிவு செய்த கல்மரங்கள் அங்குள்ளன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த அடிமரங்களின் திசுக்களில் சிலிக்கா நிரம்பி, அவை கல்லாயின. கிளையும் வேரும் இன்றி அவை கிடக்கும் நிலையைக் கொண்டே, அம்மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்தவை என்று அறிஞர் கண்டனர். அலமாரியில் அழகுக்காக வைத்த ஒரு துண்டு இதைச் சொல்லாது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தை வேலியிட்டுக் காக்கிறது; அரிக்கமேட்டைத் தொல்லியல் துறை காக்கிறது.

தமிழ்ச் சமணர் இல்லங்கள் பலவற்றில் பாட்டிமார் விட்டுச் சென்ற படிக மாலைகளும் பழைய மணிகளும் பேழைக்குள் உள்ளன. எவ்வூரிலிருந்து, யார் கைவழியாக, எந்தத் திருமணத்தில் வந்தது என்பதை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அப்பேழையிலேயே வைத்தால், தக்குர பேரு கேட்ட ஆகரம் அங்கே கிடைத்துவிடும். அரிக்கமேட்டு மணிகளை நேரில் காண விரும்புவோர் பாரதி பூங்காவை அடுத்துள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு செல்லலாம்.