பாரதிக்கு எல்லை, சீனிவாசனுக்கு அஞ்சு வருஷம்

பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்கு வந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பாடப்புத்தகத்துல இருக்கு, சினிமாவுல இருக்கு, எங்க ஊர் கைடுகள் வாயிலயும் இருக்கு. அந்தக் கதையில ஒரே ஒரு வரியில வந்துட்டுப் போயிடற ஆள் ஒருத்தர் உண்டு. பேரு எம். சீனிவாசன். இந்தப் பதிவு அவரை வெச்சுத்தான்.

'இந்தியா' வாரப்பத்திரிகை 1906-ல் சென்னையில ஆரம்பிச்சது. பணம் போட்டவர் மண்டயம் திருமலாச்சாரியார். பக்கம் பக்கமா அனல் பறக்க எழுதினவர் பாரதி. ஆனா சர்க்கார் பதிவேட்டுல இருந்த பேர் சீனிவாசனோடது.

இந்தப் பதிவேடு சும்மா சம்பிரதாயம் இல்லைங்க. 1867-ம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி, அச்சிடறவரும் வெளியிடறவரும் மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடுக்கணும். நாளைக்கு வழக்குன்னு வந்தா அந்தக் கையெழுத்தே போதுமான சாட்சி. 'நான் எழுதலையே சாமி'ன்னு சொன்னா அதை நிரூபிக்க வேண்டிய பாடு கையெழுத்துப் போட்டவரோடது. எழுதினவரைத் தேடி அலையற வேலையே போலீசுக்குக் கிடையாது.

1908 ஆகஸ்டுல அதுதான் நடந்தது. ராஜதுரோகம், 124-ஏ பிரிவு. சீனிவாசன் கைது, அஞ்சு வருஷ தண்டனை. பாரதி எல்லை தாண்டிட்டார். பத்திரிகையும் பின்னாலேயே வந்து, அதே வருஷம் அக்டோபர்ல புதுச்சேரியிலிருந்து திரும்ப வெளிவர ஆரம்பிச்சது.

பாரதியைக் குத்தம் சொல்ல நான் வரலை. அவரும் உள்ள போயிருந்தா குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் நமக்குக் கிடைச்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான். அந்தக் காலத்துல நாடு முழுக்க இதுதான் நடைமுறை. அலகாபாத்ல 'ஸ்வராஜ்யா'ன்னு ஒரு உருதுப் பத்திரிகையில ஆசிரியர்கள் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரிசையா ஜெயிலுக்குப் போனாங்க. ஆனாலும் அஞ்சு வருஷம்கிறது அஞ்சு வருஷம்தானே! அதை அனுபவிச்சவருக்கு ஒரு வரியாவது கூடுதலா எழுதலாம்.

சரி, புதுச்சேரியில மட்டும் அப்படி என்ன பாதுகாப்பு இருந்தது? 'பிரெஞ்சுக்காரன் வெள்ளைக்காரனுக்கு எதிரி, அதனால விட்டுட்டான்'னு பொதுவா சொல்லுவாங்க. அது பாதிதான். மீதி, 1881 ஜூலை 29 தேதியிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம். காலனிகளுக்கும் பொருந்தும்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் 42-வது பிரிவு. யார் மேல வழக்குப் போடணும்கிறதுக்கு ஒரு வரிசை வெச்சிருக்கான். முதல்ல பத்திரிகைப் பொறுப்பாளரும் வெளியீட்டாளரும். பொறுப்பாளருக்கு பிரெஞ்சுல 'ழேரான்'னு பேர், அவர் பிரெஞ்சுப் பிரஜையா இருக்கணும். அவங்க இல்லைன்னா எழுதினவர். அவரும் இல்லைன்னா அச்சுக்காரர். கடைசியா விக்கிறவர், சுவத்துல ஒட்டறவர். (நம்ம ப்ரோக்ராம்ல இஃப், எல்ஸ் இஃப் எழுதற மாதிரியே இருக்கு இல்ல? :-)) இங்கயும் பேர் கொடுத்தவர்தான் முதல்ல மாட்டுவார், ஒத்துக்கறேன். ஆனா வரிசை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல, வெளியாகி மூணு மாசத்துக்குள்ள வழக்குப் போடலைன்னா அதோட சரி. பத்திரிகை ஆரம்பிக்க முன் அனுமதி வேண்டாம், ஜாமீன் தொகையும் வேண்டாம்.

ஜாமீன் தொகைன்னதும் பிரிட்டிஷ்காரனோட 1910 பத்திரிகைச் சட்டத்துக்கு வரணும். புதுசா அச்சகம் வைக்கறவர் 500-லேர்ந்து 2,000 ரூபாய் வரைக்கும் முன்பணமா கட்டணும். பழைய அச்சகத்துக்கிட்ட 5,000 வரைக்கும் கேக்கலாம். ஆட்சேபகரமா ஏதாவது அச்சாச்சுன்னு சர்க்காருக்குப் பட்டா பணம் போச்சு. திரும்ப நடத்தணுமா? 1,000-லேர்ந்து 10,000 வரை புதுசா கட்டு. இன்ஷூரன்ஸை அப்படியே தலைகீழாப் புரட்டிப் போட்ட மாதிரி எனக்குத் தோணும். பிரீமியம் கட்டறது நாம, நஷ்டம் வந்தா 'க்ளெய்ம்' எடுத்துக்கறது சர்க்கார்!

எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. ஆனா 'இந்தியா'வைக் காசு கொடுத்து வாங்கிப் படிச்சவங்க பெரும்பாலும் அந்தப் பக்கம். அதனால பிரிட்டிஷார் பாரதியைத் தொடாம, பத்திரிகை போற வழியை அடைச்சாங்க. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு தடை, வந்தா பறிமுதல். 1910 மார்ச்சோட 'இந்தியா' நின்னுது. 'விஜயா' மாதிரி அவர் நடத்தின மத்த பத்திரிகைகளும் நிலைக்கலை. ஆசிரியர் பத்திரமா இருந்தார், பத்திரிகைதான் இல்லை. 1918 நவம்பர்ல எல்லை தாண்டினதும் கடலூர் பக்கத்துல பாரதியைப் பிடிச்சு உள்ள வெச்சாங்க. நிபந்தனைகளுக்கு ஒத்துக்கிட்ட பிறகுதான் விட்டாங்க.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைஞ்சது. எல்லைங்கிற அந்தப் பழைய பாதுகாப்பு முடிஞ்சு போச்சு. அது எப்படி இருக்கும்னு ஊருக்கு ஞாபகப்படுத்தினது 2012 அக்டோபர். அப்போதைய மத்திய நிதியமைச்சரோட மகனைப் பத்தி ட்விட்டர்ல ஒரு வரி எழுதினதுக்காக, இங்க சின்னதா தொழில் பண்ற ஒருத்தரைக் கைது செஞ்சாங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ, மூணு வருஷம் வரை தண்டனை. நல்லவேளை, ஜாமீன் கிடைச்சுது. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கல் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிஞ்சது.

அதே சட்டத்துல 79-வது பிரிவு இருக்கு. மத்தவங்க எழுதினதைத் தாங்கி நிக்கிற கம்பெனிக்கு, சில நிபந்தனைகளோட, அது பாதுகாப்பு. எழுதினவருக்கு இல்லை. 1867 சட்டத்துக்குப் பதிலா 2024 மார்ச்லேர்ந்து புதுப் பதிவுச் சட்டம் நடைமுறையில இருக்கு. 124-ஏ பழைய தண்டனைச் சட்டத்தோட 2024 ஜூலை 1-ல் போனது. பாரதிய நியாய சன்ஹிதாவுல 152-வது பிரிவு கிட்டத்தட்ட அந்த இடத்துல உக்காந்திருக்கு. அவதூறு இன்னமும் கிரிமினல் குத்தம்தான், ரெண்டு வருஷம் வரைக்கும். 2016-ல் சுப்ரமணியன் சுவாமி வழக்குல உச்ச நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

'ஊடகப் பொறுப்புக் காப்பீடு'ன்னு பாலிசி விக்கிறாங்க. அவதூறுக்கு சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கட்டச் சொன்னா அதையும், வக்கீல் செலவையும், பாலிசியில சொன்ன வரம்பு வரைக்கும் ஏத்துப்பாங்க. வாங்கறதுன்னா விதிவிலக்குப் பக்கத்தை முதல்ல படிங்க. தெரிஞ்சே செய்த தப்புக்குக் கிடையாது, அபராதத்துக்குக் கிடையாது. சீனிவாசனோட அஞ்சு வருஷத்தை உள்ள இருந்து கழிச்சுத் தர்ற பாலிசி எந்தக் கம்பெனியிலயும் கிடையாது.