சயான் இருப்புப்பாதையின் இருபுறமும்: உழைப்பொழுக்கம் கற்பிக்கப்பட்ட வரலாறு

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சயான் வழியாகவே சென்றது. அந்த இருப்புப்பாதைக்கு மேற்கே தாராவி. கிழக்கே மாட்டுங்காவின் வீதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இவ்விரு புறங்களிலும் தமிழர் குடியேறினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சென்னை மாகாணத்திலிருந்து, ஒரே மொழியைப் பேசிக்கொண்டு வந்தவர்கள். ஆயினும் பம்பாய் அவர்களுக்கு இரு வேறு நற்சான்றுகளை எழுதியது. கிழக்கே இருந்தவர் நேரம் தவறாதவர், கணக்கில் பிசகாதவர், சொன்னதைச் செய்பவர் எனப் பெயர் பெற்றார். மேற்கே இருந்தவர் நெடுங்காலம் முரடர், ஒழுங்குக்குள் அடங்காதவர் எனப்பட்டார். அண்மைக் காலத்தில் ‘ஓயாத உழைப்பாளி’ என்று போற்றப்படுகிறார்.

இந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன? பிறவியிலிருந்தா, சாதியிலிருந்தா, வளர்ப்பிலிருந்தா, வேலையிடத்திலிருந்தா? ‘இன்றைய தலைமுறை உரிமை கேட்கிறது, உழைக்க மறுக்கிறது’ என்ற புகார் எல்லா அலுவலகங்களிலும் கேட்கும் இந்நாளில், அப்புகாரின் பழைய வடிவங்களை நினைவுகூர்வது பயனுடையது.

1. ‘சோம்பேறி’ ஆலைத் தொழிலாளி

புகாரின் முதல் வடிவம் பருத்தி ஆலைகளில் பிறந்தது. தொழிலாளி இயந்திரத்தை விட்டு அடிக்கடி வெளியே போகிறான், முற்றத்தில் புகைபிடித்துக்கொண்டு நிற்கிறான், அறுவடைக் காலத்தில் ஊருக்கு ஓடிவிடுகிறான் என்று ஆலை முதலாளிகள் குறைப்பட்டனர். 1907–08இல் அமைந்த தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தின் முன்னும் இப்பேச்சு எழுந்தது. கிராமத்தில் வளர்ந்தவனுக்கு ஆலை ஒழுக்கம் படியாது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆனால் அன்றைய வேலைநேரத்தைப் பார்க்க வேண்டும். ஜவுளி ஆலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலைநேரம் 12 மணிக்கு மிகக் கூடாது என்ற வரம்பே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1922இல் அது நாளொன்றுக்கு 11 மணியாகவும் வாரத்துக்கு 60 மணியாகவும் குறைந்தது. 1934இல் 10 மணியாகவும் 54 மணியாகவும் ஆயிற்று. மின்விளக்கு வந்தபின், வரம்பு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், பகலும் இரவும் கலந்து நீண்ட வேலைநாளில் ஓர் உடல் தனக்கு வேண்டிய ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டது. முதலாளியின் ஏட்டில் அது சோம்பல் என்று பதிவாயிற்று.

மாரிஸ் டி. மாரிஸ் 1965இல் வெளியிட்ட பம்பாய் ஆலைத் தொழிலாளர் குறித்த ஆய்வு இப்பதிவைத் தலைகீழாக்கியது. ஆலைகளுக்கு ஆள் கிடைப்பதில் தட்டுப்பாடு இருக்கவில்லை. ஒழுங்கின்மைக்கு வேர் தொழிலாளியின் கிராம மனத்தில் இல்லை, நிர்வாகம் நடந்த முறையில் இருந்தது என்பது அவர் முடிவு. ஆள் சேர்ப்பதும் விலக்குவதும் ‘ஜாபர்’ கையில் இருந்தன. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அறிந்த கங்காணிக்கு அவர் பம்பாய் உறவினர் எனலாம். வேலை கிடைக்கக் கையூட்டு. விடுப்பு முடிந்து வந்தால் மீண்டும் கையூட்டு. ‘பத்லி’யாக ஆலை வாசலில் நின்று, அன்று வேலை உண்டா இல்லையா என்று காத்திருத்தல். நாளை இவ்வேலை தனக்கு இருக்குமா என்று தெரியாதவனிடம் அவ்வேலைமீது பற்று எப்படி வளரும்?

இதே ஆலைகளில் சாதியும் ஒழுங்கைப் பங்கிட்டது. ஊதியம் மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதார் நுழைய முடியாது. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்ததால், அவர்கள் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் தொட மறுத்தனர். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் பிரச்சினையாக எழுப்பினார். உயர முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டவன் ‘உயர ஆசையற்றவன்’ என்று அழைக்கப்பட்டதை இங்கே கவனிக்க வேண்டும்.

2. மாட்டுங்காவின் வளர்ப்பு

1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாயிற்று. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை அது மனைகளாகவும் அகன்ற வீதிகளாகவும் வகுத்தது. அங்கே எழுந்த அடுக்குமாடி வீடுகளில் தென்னிந்திய எழுத்தர்கள் குடியேறியதை நிகில் ராவின் 2013ஆம் ஆண்டு நூல் விரிவாக ஆராய்கிறது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் குளியலறையும் அமைந்த குடியிருப்பு அன்றைய பம்பாய்க்குப் புதியது. ஒரு சிறுவன் படிக்க ஒரு மூலையும், ஒரு விளக்கும், குழாய்த் தண்ணீருக்காக விடியலில் வரிசையில் நிற்க வேண்டாத காலைப்பொழுதும் அவ்வீட்டோடு வந்தன.

1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. 1960இல் அதன் கல்லூரி சயானில் எழுந்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பிக்கும் நிலையங்கள் பெருகின. தனியாக வந்த இளைஞனுக்கு உணவு விடுதியும், பஜனை சமாஜமும், ஊர்க்காரரின் அறையும் இருந்தன. தந்தை குறித்த நேரத்தில் மின்ரயில் பிடிப்பதையும் மாதம் பிறந்ததும் சம்பளம் கொண்டுவருவதையும் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு, நேரம் தவறாமை உபதேசமாகச் சொல்லப்பட வேண்டியிருக்கவில்லை. அதன் பயன் வீட்டிலேயே தெரிந்தது. அந்த நேரம் தவறாமைக்குப் பின்னால் விடியலுக்கு முன் எழுந்து சமைத்த பெண்களின் கூலியில்லா உழைப்பு இருந்தது என்பதை எந்த நற்சான்றும் எழுதவில்லை.

வேலையிடமும் இவ்வளர்ப்புக்கு விடைதந்தது. மாதச் சம்பளம், ஆண்டு ஊதிய உயர்வு, வைப்புநிதி, விடுப்பு ஆகியவை கவனமாக உழைத்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கையைக் காப்பாற்றின. மாமாவின் சிபாரிசுக் கடிதத்தால் மருமகன் அதே அலுவலகத்தில் நுழைந்தான். ஆலையில் ஜாபர் தன் ஊர்க்காரனைச் சேர்த்தபோது அது ஊழல் எனப்பட்டது. அலுவலகத்தில் மாமா சேர்த்தபோது அது குடும்பப் பண்பாட்டுக்குச் சான்றாயிற்று. இதில் விலையும் இருந்தது. மேலதிகாரியை எதிர்த்துப் பேசாமை, தலைக்கு மேலிருந்த கூரையைக் கேள்வி கேளாமை ஆகியவற்றையும் அதே வளர்ப்பு கற்பித்தது. ‘அடங்கிப் போகிறவர்’ என்பது மதராசி எழுத்தருக்குக் கிடைத்த பாராட்டும் ஏளனமும் ஆகும்.

3. தாராவியின் வளர்ப்பு

இருப்புப்பாதையின் மறுபுறத்தில் கதை தோலில் தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியின் சதுப்பு ஓரங்களில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். பாந்திராவின் இறைச்சிக்கூடம் அருகில் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து மயிரும் சவ்வும் நீக்கும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிடர்கள் வந்தனர். கிராமத்தின் சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு நகரம் கூலியைத் தந்தது. தொழிலின் தீட்டை நீக்கவில்லை.

இங்கே வீடும் வேலையிடமும் ஒன்று. குழந்தை கற்ற முதல் ஒழுக்கம் மணியோசையால் வந்ததன்று. துண்டுக் கூலியால் வந்தது. எத்தனை உருப்படி முடிந்தது என்பதே நேரம். நோயுற்றால் கூலி இல்லை. ஆகவே நோயுற்றாலும் வேலை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேருக்கும், இல்லாத இடத்தில் இருபது பேருக்கும் குறைந்த பட்டறைகளைப் பொதுவாகத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. தாராவியின் சிறு பட்டறைகள் பலவும் அந்த எண்ணுக்குக் கீழே இயங்குபவை. ஊதியத்தோடு விடுப்பு, வேலைநேர வரம்பு, மிகுநேரக் கூலி ஆகியவற்றைக் கண்டே இராதவரிடம் ‘எனக்குரியது’ என்ற சொல் எப்படித் தோன்றும்? 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு இடம்பெயர, தோல் பதனிடும் தொழிலும் தேய்ந்தது. தோல்பொருள் தைத்தல், ஆயத்த ஆடை, விடியலில் மிதிவண்டியில் நகரெங்கும் செல்லும் இட்லி எனத் தொழில்கள் மாறின. கூலியின் இலக்கணம் மாறவில்லை.

மைரன் வீனர் 1991இல் எழுதிய குழந்தை உழைப்பு பற்றிய நூல் இங்கே பொருந்தும். கட்டாயக் கல்வியை இந்தியா நெடுங்காலம் நடைமுறைப்படுத்தாமைக்கு வறுமை மட்டும் காரணமல்ல என்றார் அவர். ஏழைப் பிள்ளைகள் படித்தால் உடலுழைப்புக்கு உதவாமல் போவார்கள் என்று அதிகாரிகளும் கல்வியாளர்களும் நம்பியதைச் சுட்டினார். ஒரு வர்க்கத்தின் பிள்ளைக்குப் படிப்பு கடமை. மற்றதன் பிள்ளைக்கு அது ‘கெட்டுப்போகும்’ வழி.

4. மன்மாடில் எழுந்த கேள்வி

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு கூடியது. சயானையும் மாட்டுங்காவையும் கடந்து செல்லும் அதே ரயில்வே. மாட்டுங்காவில் பணிமனை நடத்திய அதே நிறுவனம். அங்கே பேசிய அம்பேத்கர், தீண்டப்படாத தொழிலாளி வாழ்நாள் முழுவதும் தண்டவாளக் கூலியாகவே இருக்க விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துரைத்தார். சுமை தூக்கும் போர்ட்டர் வேலைகூட அவனுக்குக் கிட்டாது. நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் போர்ட்டரே செய்ய வேண்டியிருந்ததால், தீண்டப்படாதவனை அவர் வீட்டுக்குள் விடமாட்டார் என்பது காரணம்.

உழைப்பொழுக்கம் பற்றிய பேச்சின் அடித்தளத்தை இவ்வொரு விவரம் அசைக்கிறது. எவ்வளவு உழைத்தாலும் மேலே செல்லாத ஏணியில் நிற்பவனிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது அறமா? 1946இல் தொடங்கப்பட்ட சித்தார்த்தா கல்லூரி, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காகக் காலை வகுப்புகளை நடத்தியது. பற்றாக்குறை மனத்தில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது என்ற அறிதல் அதில் செயலாயிற்று.

5. பட்டியல்களும் பயிற்சியும்

1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழ், நிறுவனங்களில் நிறைந்திருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை உருவாயிற்று. மராட்டிய இளைஞன் ஏன் அந்த நாற்காலியில் இல்லை என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைத்த விடைகள் இரண்டும் பிழையானவை. தென்னிந்தியர் இயல்பிலேயே உழைப்பாளிகள் என்றது ஒரு தரப்பு. அவர்கள் இயல்பிலேயே சூழ்ச்சிக்காரர்கள் என்றது மற்றது. தட்டச்சு நிலையம், ஆங்கிலக் கல்வி, சிபாரிசு வலை என்ற மூன்றும் இருவர் பேச்சிலும் குணமாக உருமாறின. பின்னர் சிவசேனையின் உள்ளூர் மக்கள் உரிமைக் குழு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்க முற்பட்டபோது, குணம் எனப்பட்டது கற்பிக்கக்கூடிய திறனே என்பதை அவ்வியக்கமே ஒப்புக்கொண்டதாயிற்று. இதற்கிடையே வன்முறைக்கு அஞ்சி வாழ்ந்தவர்களில், எந்த நாற்காலியிலும் அமர்ந்திராத தாராவித் தமிழரும் இருந்தனர்.

6. யாருடைய உரிமை குற்றமாகிறது?

மெல்வின் கோன் 1969இல் காட்டியது நினைவுகூரத்தக்கது: தாமே முடிவெடுக்கும் வேலையில் உள்ள பெற்றோர் பிள்ளைகளிடம் தற்சார்பை வளர்க்கின்றனர், கட்டளைக்குக் கீழ்ப்படியும் வேலையில் உள்ளோர் கீழ்ப்படிதலை வளர்க்கின்றனர். வேலையிடம் வீட்டுக்குள் நுழைந்து அடுத்த தலைமுறையை வேலையிடத்துக்குத் தயாரிக்கிறது. ஆனெட் லாரோ 2003இல் இன்னொரு படி சென்றார். அமெரிக்க நடுத்தர வர்க்கக் குழந்தை மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் கேள்வி கேட்கப் பழக்கப்படுகிறது. தனக்குரியதைக் கேட்டுப் பெறும் அந்த மனநிலை பிற்காலத்தில் அதற்குச் சாதகமாகிறது. உழைக்கும் வர்க்கக் குழந்தை நிறுவனங்களின் முன் தயங்கி நிற்கிறது.

இதன்படி பார்த்தால், உரிமையுணர்வு குறைந்தவரிடம் இருப்பது பணிவு என்ற நற்பண்பாக இருக்க வேண்டியதில்லை. மறுக்கப்பட்ட பயிற்சியாகவும் இருக்கலாம். 1908இல் பம்பாய்த் தொழிலாளி ‘ஒழுங்கு கற்காத குடியானவன்’. 1982 ஜனவரி 18 அன்று இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவனே ‘உரிமை தலைக்கேறியவன்’. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் அவன் எப்போது சரியான அளவில் இருந்தான் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்த இரு சகோதரர்கள் வேறுபடுகிறார்களே, தனிமனிதப் பொறுப்பு இல்லையா என்ற மறுப்பு எழலாம். உண்டு. ஒரு தனிமனிதர் ஏன் உழைக்கிறார், ஏன் உழைப்பதில்லை என்பதை வரலாறு முழுமையாக விளக்காது. ஆனால் அந்தப் பாராட்டும் பழியும் ஏன் முழுக் குழுக்களின் மேல், இருப்புப்பாதையின் இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் விழுகின்றன என்பதை அது விளக்கும்.

இன்று தாராவி மறுசீரமைப்பின் வாயிலில் நிற்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் அங்கே குடியிருந்ததை நிறுவுவோரே தாராவிக்குள் இலவச வீட்டுக்குத் ‘தகுதியானவர்’. மூன்று தலைமுறை உழைப்பை மெச்சும் நகரம், அவ்வுழைப்பின் பேரில் ஒரு கூரையைக் கேட்கும்போது ஆவணம் கேட்கிறது. சம்பளச் சீட்டோ வருகைப் பதிவேடோ என்றுமே தரப்படாத பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இப்போது மின்கட்டண ரசீதுகளையும் பழைய குடும்ப அட்டைகளையும் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.