கிள்ளான் துறைமுகமும் மலேரியாவும்

நகரமைப்பு என்றால் வீதி போடுவதும் வீடு கட்டுவதும் இரயில் விடுவதுமே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மழைநீர் எங்கே போகும் என்ற கேள்வி கடைசியாகவே எழுகின்றது. அக்கேள்வியைக் கேட்கத் தவறியதால் விளைந்த துயரம் நம் வட்டாரத்து வரலாற்றிலேயே உண்டு.

ஆற்றங்கரையில் இருந்த பழைய கிள்ளான் துறைக்குப் பெரிய கப்பல்கள் வர இயலவில்லை. ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தில், சதுப்புக் காட்டின் நடுவே, புதிய துறைமுகம் அமைத்தனர். கோலாலம்பூர் இரயில் பாதையையும் அதுவரை நீட்டினர். 1901 செப்டம்பரில் அது போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பெற்றது. 1972இல்தான் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிற்று.

திறந்த இரண்டொரு மாதங்களில் தொழிலாளரும் இரயில் ஊழியரும் மாலுமிகளும் மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடும் பேச்சு எழுந்தது.

அவ்வாண்டுதான் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்திருந்தார். மலேரியாவைக் கொசுவே பரப்புகின்றது என்பதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் கொயினா மருந்து கொடுத்ததோடு நில்லாமல், நீரை வெளியேற்றுமாறு வற்புறுத்தினார். கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பி, காட்டை வெட்டி, வடிகால்கள் தோண்டினர். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர்.

ஆனால் கடற்கரையில் பலித்த வைத்தியம் மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. ரப்பர் பயிரிடக் குன்றுகளின் காட்டை அழித்தபோது அங்கே காய்ச்சல் பெருகிற்று. அவ்விடத்து மலேரியாக் கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடை நீரிலேயே முட்டையிடும். நிழல் நீங்கியது அதற்கு வாய்ப்பாயிற்று. லயங்களில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். எனவே வாட்சன் ஓடை நீரை மண்ணுக்கடியில் பதித்த குழாய்கள் வழியே செலுத்தும் முறையைக் கையாண்டார். அம்முறை செயற்பட்ட சீபீல்டு தோட்டம் நம் சுங்கை வேக்கு அண்மையில் இருந்தது. இன்று அங்கே சுபாங் ஜெயா நகரம் நிற்கின்றது.

இதனால் அறிவது யாது? நோய்க்கு வழிவிட்டதும் கட்டுமானமே. நோயைத் தடுத்ததும் கட்டுமானமே. இடத்தின் தன்மையறிந்து செய்ததா, அறியாமல் செய்ததா என்பதே வேறுபாடு.

இன்று நம்மை வாட்டுவது டெங்கி. அதன் கொசு வீட்டுப் பூந்தொட்டியிலும், கூரைத் தகரத்திலும், கட்டடம் எழும் இடத்துத் தேக்கத்திலும் வளர்கின்றது. கிருமியேறிய ஒருவர் காலையில் இரயிலேறி வேலைக்குச் சென்றால், நோயும் அவருடன் ஊர்மாறுகின்றது. 2023இல் மலேசியாவில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர், சிலாங்கூரே முன்னின்றது. புதிய அடுக்குமாடியும் புதிய நிலையமும் எழும் போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி, நூறாண்டுக்கு முன் கேட்கத் தவறிய அதே கேள்விதான்: இங்குத் தண்ணீர் எங்கே போகும்?