இரை, தூண்டில், பார்வை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த பதிவு இது. ஒரு சொல்லைப் பத்தினது. கடைசியில கொஞ்சம் என்னைப் பத்தினதும்கூட. நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. முழு ஆண்டு லீவு விட்டா கடம்பத்தூர்ல எங்க செட்டுக்கு ஒரே வேலைதான். தூண்டில். மூங்கில் குச்சி, நரம்பு, தக்கைக்குப் பிஞ்ச செருப்புத் துண்டு, கடையில வாங்கின முள்ளு. கொட்டாங்குச்சியில ஈர மண்ணு போட்டு அதுக்குள்ள மண்புழு. பூண்டி ஏரிப் பக்கம் சைக்கிள்லயே போவோம். (1944ல கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே கட்டினது. சத்தியமூர்த்தி சாகர்னு முழுப் பேரு, யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல.) செட்டுல மூத்த அண்ணன் ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: "முள்ளு மறையற மாதிரி புழுவ மாட்டுடா. முள்ளு தெரிஞ்சா மீனு வராது."

அந்தப் புழுவுக்குத்தான் ஆங்கிலத்துல பெய்ட். அது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா, வைக்கிங் ஆளுங்க பேசின பழைய நார்ஸ் மொழியில போய் நிக்குது. அங்க பீட்டான்னா கடி. அதோட பிறவினை பெய்ட்டா, அதாவது கடிக்க வை. நம்ம தமிழ்ல உண் - ஊட்டு, காண் - காட்டு, தின் - தீற்று இருக்கே, அதே கணக்கு. (குழந்தைக்குச் சோறு "தீத்துறது"ன்னு ஈழத்து நண்பர்கள் சொல்றது இந்தத் தீற்றுதான்.) 1300 வாக்குல ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல் பல வேலை பார்த்திருக்கு. நாயை ஏவி, கட்டிப்போட்ட கரடியைக் கடிக்க வைக்கிற விளையாட்டுக்கும் அதே பேருதான். பிரிட்டன்ல 1835ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க. வழியில வண்டியை நிறுத்திக் குதிரைக்குத் தீனி போடறதுக்கும் அதே சொல். ஆக, ஆங்கிலக்காரன் கண்ணு வாய் மேலயே இருக்கு. அடுத்தவனைக் கடிக்க வைக்கணும், அவ்வளவுதான்.

தமிழ்ல? இரை. (றை போட்டா சாமி ஆயிடும், ஜாக்கிரதை.) தெலுங்குல எர. சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வர்றவங்களைக் கேளுங்க, "எர வேஸாடு"ன்னா தூண்டில் போட்டான்னு அர்த்தம். கன்னடத்துல மண்புழுவுக்குப் பேரே எரெஹுளு, இரைப்புழு! ஆங்கிலம் கடிக்கிற வாயைப் பாத்துப் பேர் வெச்சுது. நம்ம பக்கத்து மொழி, முள்ளுல மாட்டிக்கிட்டுத் துடிக்குதே, அந்தப் புழுவுக்கே பேர் வெச்சுடுச்சு.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? தமிழ்ல போடற தீனியும் இரைதான், மாட்டுற உயிரும் இரைதான். மீனுக்குப் புழு இரை, கொக்குக்கு மீன் இரை. குடிசை எரிஞ்சா "தீக்கு இரையானது"ன்னு பேப்பர்ல போடுவாங்க. மலையாளச் செய்தியில "இர"ன்னா பாதிக்கப்பட்டவர்னே அர்த்தம் ஆயிடுச்சு. ஆங்கிலத்துல இதுக்கெல்லாம் தனித்தனிச் சொல். நமக்கு எல்லாம் ஒண்ணுதான். முன்னாடி இதைச் சொல் பஞ்சம்னு நினைச்சேன். இப்ப அப்படி நினைக்கல.

சரி, தூண்டில்? தூண்டுறதுனால தூண்டில். விளக்குத் திரியை ஏத்திவிடற குச்சி தூண்டுகோல். இன்னைக்கு மேடைக்கு மேடை "எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்"னு பேசறாங்களே, அதே கோல்தான். திரியைத் தூண்டினா வெளிச்சம், ஆசையைத் தூண்டினா முள்ளு. சொல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

வள்ளுவர் இதுல ஒரு படி மேல போறார். சூது அதிகாரத்தோட முதல் குறள், 931. சூதாட்டத்துல தோக்கறதைப் பத்தி அவர் அங்க பேசல, ஜெயிக்கறதைப் பத்திப் பேசறார். ஜெயிச்ச காசு, மீன் விழுங்கின தூண்டில் மாதிரியாம். அந்த இரும்பு முள்ளுக்கு அவர் போட்ட சொல் பொன். பழைய தமிழ்ல பொன்னுன்னா பொதுவா எந்த உலோகமும்தான். பரிமேலழகரும் அங்க இரும்புன்னுதான் உரை சொல்றார். ஆனா சூதாடி கண்ணுக்கு அது தங்கமாத்தானே தெரியும்? முதல்ல வர்ற லாபம்தான் முள்ளுங்கறதை ஒரே சொல்லுல முடிச்சுட்டார்.

இப்ப எங்க வீட்டு மேட்டருக்கு வரேன்.

2023ல எனக்கு போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. ஹோட்டல்களுக்கு ஸ்டார் ரேட்டிங் போடணும், ஒண்ணுக்கு 150 ரூபா. எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் "பிஷ்ஷிங்" பத்தி ட்ரெயினிங் எடுத்து பரீட்சையே வைக்கிறாங்க. 1990கள்ல பாஸ்வேர்டு திருடறவங்க, மீன்பிடிக்கிற சொல்லையே எழுத்து மாத்தி வெச்ச பேரு அது. அதுல நூத்துக்கு நூறு வாங்கினவன் நான். அப்படியும் போட்டேன். 450 ரூபா வந்துச்சு. அப்புறம் 2,000 கட்டினேன், 2,800 வந்துச்சு. சந்தோஷத்துல அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குடும்ப குரூப்ல போட்டேன். அடுத்து 12,000 கட்டினேன். அது வரல. மேல 30,000 கட்டினாத்தான் வரும்னாங்க. அப்பதான் உறைச்சுது, நிறுத்திட்டேன்.

நிறுத்தினதை குரூப்ல சொல்லல. வெட்கம்.

சித்தப்பா பையன் கும்மிடிப்பூண்டியில கான்ட்ராக்ட் வேலை பார்க்கறான். ரூம்ல நாலு பேர். ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணினான். குரல் சரியில்ல.

"ணா, உனக்கு வந்த பணம் நிஜமா வந்துச்சா?"

"ஏன்டா?"

"நாங்க நாலு பேரும் போட்டோம்ணா. ஒண்ணே கால் லட்சம். பசங்க யோசிச்சாங்க. எங்க இன்ஜினியர் அண்ணனே போட்டிருக்காரு, அவருக்குத் தெரியாததான்னு நான்தான் சொன்னேன்."

1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் கொடுத்தோம். ஒரு சின்னத் தொகையை மட்டும் பேங்க்ல நிறுத்தி வைக்க முடிஞ்சுது. மீதி போனது போனதுதான். என் பங்கா மாசாமாசம் கொஞ்சம் அந்தப் பசங்களுக்குக் கொடுத்துட்டு வரேன். ஆனா தம்பி இப்பல்லாம் முன்ன மாதிரி பேசறதில்ல.

இரைன்னா ஏமாந்தவன்னு மட்டும்தான் அது வரைக்கும் நினைச்சிருந்தேன். மாட்டினவனும் நான்தான், மத்தவங்களை மாட்ட வெச்ச புழுவும் நான்தான். ரெண்டுக்கும் ஒரே சொல்லை வெச்ச ஆளு இதெல்லாம் பாத்துட்டுத்தான் வெச்சிருப்பாரோ என்னவோ.

அதுக்கப்புறம் அகராதியைப் புரட்டினப்ப இன்னும் பொருத்தமா ஒரு சொல் கிடைச்சுது. பார்வை. கண் பார்வைதான், ஆனா அதுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. காட்டு விலங்கைப் பிடிக்க, அதே இனத்துல ஒண்ணைப் பழக்கி வெளியில கட்டி வைப்பாங்க. அது பார்வை விலங்கு. தன் இனம் நிம்மதியா மேயுதேன்னு நம்பி மத்தது கிட்ட வரும். நம்ம தொண்டைமண்டலக் கதைதான். காஞ்சி இளந்திரையனைப் பாடின பெரும்பாணாற்றுப்படையில, எயினர் குடியிருப்புல விளாமரத்துல பார்வை மான் கட்டியிருக்கு.

அந்த மானுக்கு முள்ளும் தெரியாது, வேடனும் தெரியாது. அது சும்மா நிக்குது. நான் ஸ்கிரீன்ஷாட் போட்ட மாதிரி.

புறநானூறு 320ல வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டைக் காட்டறார். வேட்டுவன் தூங்கறான். முற்றத்துல பார்வைப் பெண்மானைத் தேடி ஒரு கலைமான் வந்து விளையாடுது. வீட்டுக்காரி பார்க்கறா. சத்தம் போட்டா புருஷன் முழிச்சுக்குவான், அதுங்களும் பிரிஞ்சிடும்னு பேசாம இருக்கா.

அவ பேசாம இருந்ததுல ஒரு மான் பிழைச்சுது. நான் பேசாம இருந்ததுல நாலு பேர் மாட்டினாங்க. 12,000 போச்சுன்னு அன்னைக்கே குரூப்ல ஒரு வரி போட்டிருந்தா போதும், முள்ளு வெளிய தெரிஞ்சிருக்கும். அந்த வரியைத்தான் தாமதமா இங்க போடறேன்.

டிஸ்கி: தம்பி இதையெல்லாம் படிக்கிறவன் இல்ல. அதனால லிங்க் அனுப்பல. இந்த ஞாயித்துக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கே நேர்ல போறேன்.