முற்றுரிமையை அளத்தல்: அமெரிக்கப் போட்டிச் சட்டத்தில் சந்தை வரையறை (1890–1966)

1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் வணிகத்தை முற்றுரிமையாக்குவதைக் குற்றம் என்றது. ஆயின் முற்றுரிமை யாது என்பதை வரையறுக்கவில்லை. அப்பொறுப்பு நீதிமன்றங்களைச் சேர்ந்தது. 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் நடத்தையை நியாயத்தன்மை விதி கொண்டு மதிப்பிட்டது. 1920இல் யு.எஸ். ஸ்டீல் வழக்கில், பருமன் மட்டுமே குற்றமாகாது என நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எவ்வளவு பங்கு முற்றுரிமையாகும் என்பதற்கு இவ்விரு தீர்ப்புகளும் அளவுகோல் தரவில்லை.

அவ்வினாவை நேராக எதிர்கொண்டது அல்கோவா அலுமினிய வழக்கு (1945). நீதிபதிகள் பலர் விலகியமையால் உச்ச நீதிமன்றத்தில் போதிய குறைவெண் அமையவில்லை; வழக்கு நியூயார்க்கிலுள்ள இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தது. தொண்ணூறு விழுக்காடு முற்றுரிமைக்குப் போதும், அறுபத்து நான்கு ஐயத்திற்குரியது, முப்பத்து மூன்று நிச்சயமாகப் போதாது என்றார் நீதிபதி லேர்னட் ஹேண்ட். இவ்வெண்கள் பிற்காலத்தில் பொது எல்லைகள் போல எடுத்தாளப்பட்டன. உண்மையில் இவை ஒரே நிறுவனத்தின் பங்கை மூவகையில் கணக்கிட்டதன் விடைகள். பழைய அலுமினியத்தை உருக்கிப் பெறும் உலோகத்தைச் சந்தையில் சேர்க்காவிடின் 90க்கும் மேல்; சேர்த்தால் 64; சேர்த்து, அல்கோவா தன் ஆலைகளிலேயே பயன்படுத்திய உலோகத்தையும் கழித்தால் 33. ஹேண்ட் முதற்கணக்கையே ஏற்றார். இன்றைய பழைய உலோகம் அல்கோவா நேற்று உற்பத்தி செய்ததே. எனவே அதன் வரத்தையும் அந்நிறுவனமே முன்கூட்டிக் கட்டுப்படுத்தியது என்பது அவர் வாதம். ஆகவே தீர்ப்பின் உயிர்நிலை விழுக்காட்டில் இல்லை, பகுதியாக அமைந்த சந்தையில் உள்ளது.

1956இன் செலோஃபேன் வழக்கு இதனை மறுமுனையிலிருந்து காட்டுகிறது. டூபான்ட் நிறுவனம் செலோஃபேன் விற்பனையில் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கொண்டிருந்தது. நெகிழும் பொதிபொருள்கள் அனைத்தையும் ஒரே சந்தையாகக் கொண்டால் அது 20 விழுக்காட்டிற்கும் குறைவு. ஒன்றற்கொன்று மாற்றாகப் பயன்படும் தன்மையை அளவுகோலாக்கிய உச்ச நீதிமன்றம் டூபான்டை விடுவித்தது. இங்கு ஓர் இடறல் உண்டு. விலை ஏற்கெனவே முற்றுரிமை மட்டத்திற்கு ஏறியிருப்பின், நுகர்வோர் மாற்றுப்பொருளை நாடுவது போட்டிக்குச் சான்றாகாது. முற்றுரிமையின் விளைவாகவே இருக்கலாம். பொருளியலாளர் இதனைச் 'செலோஃபேன் பிழை' என்பர்.

1966இன் கிரினல் வழக்கில், முற்றுரிமை ஆற்றலோடு, அதனை வேண்டுமென்றே அடைந்தமை அல்லது பேணியமையும் வேண்டும் எனும் இருகூற்று விதி வகுக்கப்பட்டது. சிறந்த பொருளாலோ வணிகத் திறனாலோ தற்செயலாலோ விளைந்த வளர்ச்சி விலக்கப்பட்டது. அங்கும் நீதிபதி ஃபோர்ட்டாஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, பெரும்பான்மையினர் சந்தையை வரையறுத்த முறையையே தாக்கியது.