ஜென்டூ: ஒரு சொல்லும் ஒரு மென்பொருளும்

கும்பினியார் காலத்துச் சென்னையில் ஆங்கிலேயர் தெலுங்கு மக்களையும் தெலுங்கு மொழியையும் 'ஜென்டூ' என்னும் பெயரால் அழைத்து வந்தனர். அது தெலுங்குச் சொல்லன்று, தமிழ்ச் சொல்லுமன்று. பிற சமயத்தாரைக் குறிக்கப் போர்ச்சுகீசியர் வழங்கிய 'ஜென்டியோ' என்னும் சொல்லே ஆங்கிலேயர் நாவில் திரிந்து அவ்வடிவம் பெற்றது. வங்காளத்தில் அச்சொல் இந்துக்கள் யாவரையும் சுட்டியது. 1776-ஆம் ஆண்டில் ஹால்ஹெட் என்பார் வெளியிட்ட இந்து நீதித் தொகுப்பு 'ஜென்டூ சட்டங்கள்' என்றே பெயர் பெற்றது. சென்னையிலோ அச்சொல்லின் பொருள் சுருங்கித் தெலுங்கரை மட்டும் குறித்து நின்றது. எனவே, சென்னைக்கு வடக்கே இருப்புப்பாதை வழியில் சற்றேறக்குறைய 110 கிலோமீட்டர்த் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றை அடுத்து அமைந்த நம் நாயுடுபேட்டை, அக்கால ஆங்கிலேயர் கண்ணுக்கு ஜென்டூ நாட்டு ஊர்களுள் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

அச்சொல்லை நூலின் முகப்பிலேயே தாங்கி 1816-இல் சென்னையில் ஓர் இலக்கண நூல் வெளிவந்தது. காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணம் அது. அதன் முன்னுரையோடு எல்லிஸ் எழுதிய குறிப்பு ஒன்றும் சேர்ந்திருந்தது. தெலுங்கின் வேர்ச்சொற்கள் வடமொழியினின்று கிளைத்தனவல்ல என்பதையும், அவை தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வேர்களோடு உறவுடையன என்பதையும் எல்லிஸ் அதில் அட்டவணையிட்டுக் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-க்கு நாற்பது ஆண்டுகள் முற்பட்ட செயல் இது. வேர்களையே எடுத்து ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் பார்த்த அந்த முறையை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது பயன்படும்.

காலப்போக்கில் மொழிப்பெயராக அச்சொல் வழக்கொழிந்தது. ஆனால் தென்முனைக் கடல்களில் வாழும் பெங்குவின் பறவை இனம் ஒன்று ஜென்டூ என்னும் பெயரை இன்றும் தாங்கியிருக்கிறது. அதன் தலையிலுள்ள வெண்பட்டை தலைப்பாகை போல் தோன்றியதால் பழைய சொல்லே அதற்குப் பெயராயிற்று என்பர் சிலர். பெங்குவின் இனங்களுள் நீரில் மிக விரைந்து நீந்துவது இதுவே. மணிக்கு 36 கிலோமீட்டர் வரை செல்லும். லினக்ஸ் இயக்குதளத்தின் சின்னமும் பெங்குவினேயாதலால், விரைவை விரும்பிய அமெரிக்க இளைஞர் ஒருவர் தாம் உருவாக்கிய லினக்ஸ் வழங்கலுக்கு இப்பறவையின் பெயரைச் சூட்டினார். தெலுங்கரைக் குறித்த சொல் இவ்வாறு கடல் சுற்றிக் கணிப்பொறிக்குள் புகுந்து நம்மிடமே மீண்டது.

அந்த மென்பொருளின் வரலாற்றைக் கூறுமுன், 'மூலநிரல்' என்பது யாதென விளக்குதல் வேண்டும். மென்பொருளை எழுதுவோர் மனிதர் படித்தறியத்தக்க எழுத்திலேயே எழுதுகின்றனர். அவ்வெழுத்து வடிவே மூலநிரல். கணிப்பொறிக்கு அது நேரே விளங்காது. கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரல் அதனைப் பொறி ஏற்கும் எண்களாக மாற்றித் தரும். அவ்வாறு மாற்றப்பட்டதையே பெரும்பாலோர் வாங்கிப் பயன்படுத்துகிறோம். நமக்கு அணித்தாயுள்ள வேங்கடகிரியின் சேலைகளை அறியாதார் இலர். கடையில் நெய்து மடித்து வைத்த சேலையை எடுத்துக்கொள்ளலாம். அல்லது நெசவாளரிடம் சென்று, கரை இன்னது, சரிகை இவ்வளவு என்று தறியில் பாவு ஏறுமுன்பே சொல்லலாம். முன்னது ஆயத்தமாகக் கட்டிய லினக்ஸ். பின்னது மூலத்திலிருந்து கட்டும் லினக்ஸ். பின்னதில் நேரம் செல்லும். சொல்லத் தெரியாதவனுக்குச் சேலையும் நன்றாக வாராது.

மூலத்தை யாவர்க்கும் திறந்து வைக்க வேண்டும் என்னும் இயக்கத்தை 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்தார். 1987-இல் அவருடைய ஜி.சி.சி. என்னும் கம்பைலர் வெளிவந்தது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். 1993 முதல் ஸ்லாக்வேர், டெபியன், ரெட்ஹாட் முதலிய வழங்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவையெல்லாம் மூலம் திறந்திருந்தும், கட்டி முடித்த பொருளையே பயனர்க்கு அளித்தன. பெரும்பாலோர்க்கு அதுவே போதுமானதாயிருந்தது, இன்றும் போதுமானதே.

டேனியல் ராபின்ஸ் என்பார்க்கு அது போதவில்லை. அவர் 1999-இல் 'ஈனோக்' என்னும் பெயரில் ஒரு வழங்கலைத் தொடங்கி, பின்னர் அதற்கு ஜென்டூ எனப் பெயர் மாற்றினார். இடையில் நேர்ந்த ஒரு தடையே அதன் போக்கை மாற்றியது. அவர் புதிதாக வாங்கிய இரட்டைச் செயலிக் கணிப்பொறி, லினக்ஸில் வேலையின்றி ஓய்ந்திருக்கும்போது உறைந்து நின்றுவிடும். சலிப்புற்ற அவர் ஆக்கப்பணியை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் ஃபிரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயக்குதளத்தில் தங்கினார். அங்கே 1994 முதல் 'போர்ட்ஸ்' என்னும் ஓர் ஏற்பாடு வழங்கி வந்தது. ஒவ்வொரு மென்பொருளையும் எங்கிருந்து பெறுவது, எவ்வாறு திருத்திக் கட்டுவது என்பதைச் சிறு குறிப்பாக எழுதி வைத்திருப்பர். ஏனையவற்றைப் பொறியே செய்துகொள்ளும். லினக்ஸுக்கு மீண்ட ராபின்ஸ் அக்கருத்தைக் கொண்டு, பைத்தான் மொழியில் 'போர்ட்டேஜ்' என்னும் நிருவாகக் கருவியை எழுதினார். 2002 மார்ச்சு 31-ஆம் நாள் ஜென்டூவின் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஒரு பொறி உறையாதிருந்தால் போர்ட்டேஜ் இந்த வடிவில் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

தொடங்கியவரே 2004-இல் விலகினார். உரிமைகளை அவ்வாண்டு அமைந்த ஜென்டூ அறக்கட்டளையிடம் ஒப்படைத்துச் சென்றார். சிறிது காலம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலும் பணியாற்றினார் என்பது பலருக்கும் வியப்பளித்த செய்தி. தலைவர் போனபின் கலைந்துபோகும் சங்கங்களை நாம் மிகுதியும் கண்டிருக்கிறோம். ஜென்டூவோ 2005 முதல் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் எழுவர் குழுவின் கீழ், ஊதியமில்லாத் தொண்டர்களால் இயங்கி வருகிறது. கூகுளின் குரோம் இயக்குதளமும் பல ஆண்டுகள் இவர்களுடைய போர்ட்டேஜைக் கொண்டே கட்டப்பட்டது.

இனி, இதனைப் பயன்படுத்தும் முறை. 'எமெர்ஜ்' என்னும் கட்டளையோடு மென்பொருளின் பெயரைச் சொன்னால், போர்ட்டேஜ் தன் குறிப்பேட்டைப் பார்த்து, மூலத்தை இறக்கி, அது பழுதுபடவில்லை என்பதைச் சரிபார்த்து, சார்ந்த பொருள்கள் இல்லையெனில் அவற்றையும் வரிசையாகக் கட்டும். 'யூஸ்' என்னும் குறிகளால் எவ்வசதி வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம். அச்சிடும் பொறி இல்லாத வீட்டிற்கு அச்சு வசதி எதற்கு? அதை விலக்கினால் அதனைச் சார்ந்தவையும் வாரா. கட்டும் நேரமோ பொருளுக்கேற்ப வேறுபடும். சிறு கருவி ஒரு நிமிடத்தில் முடியும். பெரிய இணைய உலாவி ஒன்று பழைய கணிப்பொறியில் ஓர் இரவு முழுதும் ஓடும். நடுவே மின்சாரம் போயிற்றெனில், பெரும்பாலும் அந்தப் பொருளை முதலிலிருந்தே கட்டவேண்டி வரும்.

ஜென்டூவால் கணிப்பொறி பன்மடங்கு விரையும் என்று தொடக்க காலத்தில் ஆர்வலர் பறை சாற்றினர். கம்பைலருக்கு இடும் கட்டளைகளை நீட்டிக்கொண்டே போவதை ஒரு பெருமையாகக் கருதியவரும் உண்டு. பிறர் அவர்களை நகையாடினர். நகையாடியதில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. அன்றாட வேலையில் அந்த விரைவு கண்ணுக்குத் தெரிவது அரிது. இம்முறையின் பயன் வேறிடத்தில் உள்ளது. எப்பொருள் எதனைச் சார்ந்து நிற்கிறது, அதை யார் ஏன் சேர்த்தார் என்பதைப் பயனர் அறிகிறார். வேண்டாததை விலக்கவும் வேண்டியதைச் சேர்க்கவும் அவருக்கு இயல்கிறது.

ஆயினும் அவ்வுரிமை ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்கதன்று. ஜென்டூவுக்கு இடையிடையே வரும் பெரும்பதிப்பு என்பது இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டேயிருக்கும். வாரம் ஒருமுறையேனும் புதுக்கி வருபவருக்குத் தொல்லை குறைவு. ஓராண்டு தொடாமல் விட்டவருக்கோ, புதிய கருவியைக் கட்டப் பழைய நூலகம் இடந்தராது. நூலகத்தைப் புதுக்கப் பழைய கருவி இடந்தராது. அமைப்புக் கோப்புகளையும் புதுப்பதிப்பு தானே மாற்றிவிடாது. பழையதையும் புதியதையும் வரிக்கு வரி காட்டும். எதைக் கொள்வது என்பதைப் பயனரே முடிவு செய்தல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் செய்த வேலை இதற்கு வெகு தொலைவன்று. ஓலை நெடுங்காலம் நில்லாது. செல்லரிக்குமுன் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பாடபேதம் நேரும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியே மூலபாடத்தைத் துணிந்தார்.

பாடபேதத்தினும் கொடியது இடைச்செருகல். 2024 மார்ச்சு 29-ஆம் நாள் மென்பொருளுலகு அதனைக் கண்கூடாகக் கண்டது. 'எக்ஸ்-இஸட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதனை நெடுங்காலம் தனியொருவராய்ப் பேணிச் சோர்ந்திருந்தவர்க்கு உதவுவதுபோல், ஜியா டான் என்னும் பெயர் கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். ஈராண்டுக்கு மேல் நல்ல பணி செய்து நம்பிக்கை பெற்று, பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்றைப் பொருத்தினார். யாவரும் காணும் மூலக் களஞ்சியத்தில் அதனை இயக்கும் திறவுகோல் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய மூட்டையில் மட்டுமே அது செருகப்பட்டிருந்தது. தொலைவிலுள்ள பொறியினுள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர் அதனைத் துருவிக் கண்டுபிடித்தார். டெபியன், ரெட்ஹாட் வகைப் பொதிகளாகக் கட்டும்போது மட்டுமே அச்செருகல் செயற்படுமாறு எழுதப்பட்டிருந்தமையால் ஜென்டூ தப்பியது. அது தற்செயலே, மூலத்திலிருந்து கட்டியதனால் வந்த காப்பு என்று பெருமை கொள்ள இடமில்லை. ஜென்டூ பயனரும் அதே மூட்டையைத்தான் இறக்கியிருந்தனர்.

இவ்வச்சம் புதியதுமன்று. 1984-ஆம் ஆண்டிலேயே யுனிக்ஸின் ஆசிரியர்களுள் ஒருவராகிய கென் தாம்சன், கம்பைலரே கெட்டிருந்தால் மூலத்தை எத்துணை முறை படித்தும் பயனில்லை என்பதை எடுத்துக்காட்டினார். பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும். அவ்வுறைமோர் முன்னைத் தயிரிலிருந்து வந்தது. கம்பைலரைக் கட்டவும் முன்னைக் கம்பைலர் வேண்டும். ஜென்டூவை நிறுவுவோரும் பிறர் கட்டித் தந்த ஒரு தொடக்கத் தொகுதியை நம்பியே தொடங்குகின்றனர். 2018 சூன் 28-இல் கிட்ஹப் தளத்திலிருந்த ஜென்டூவின் படியினுள் கள்வர் புகுந்து, பயனரின் கோப்புகளை அழிக்கும் வரிகளைச் சேர்த்தனர். உண்மையான களஞ்சியம் வேறிடத்தில், தொண்டர்களின் சொந்தக் காவலில் இருந்தமையால் மூலம் பிழைத்தது. சுவடி ஒரே மடத்தில் மட்டும் இருக்கலாகாது என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

2023 டிசம்பர் 29-இல் ஜென்டூ குழுவினர் தாமே கட்டி முடித்த பொதிகளையும் பரவலாக வழங்கத் தொடங்கினர். கொள்கை தளர்ந்தது என்று வருந்தினோர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெரிய உலாவியை ஆயத்தமாகப் பெற்றுக்கொண்டு, தமக்கு வேண்டிய நாலைந்து பொருள்களை மட்டும் தாமே கட்டிக்கொள்வதில் குறையொன்றுமில்லை. நாலைந்து பொருள்களையேனும் கட்ட அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. அதற்கு நம் வீட்டுச் சான்று ஒன்று உண்டு.

இவ்வூர்த் தமிழர் இல்லங்களில் பெற்றோர் தமிழும் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் படிக்கின்றனர். ஜென்டூவின் அமைப்புக் கோப்பில் மொழிக்கென ஒரு வரி உண்டு. தமிழின் ஈரெழுத்துக் குறியையும் தெலுங்கின் ஈரெழுத்துக் குறியையும் அவ்வரியில் அடுத்தடுத்து எழுதிவிட்டால், மொழிபெயர்ப்புகள் ஆயத்தமாயுள்ள மென்பொருள்களெல்லாம் அவ்விரு மொழியோடும் வந்து அமையும். எல்லிஸின் அட்டவணையில் போல இங்கும் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆனால் சொற்கள் வந்தால் மட்டும் போதாது. எழுத்து ஒழுங்காக வரையப்பட வேண்டும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் அமைதல் வேண்டும். தெலுங்கிலோ ஒற்றின் கீழ் ஒற்று அடுக்கப்படல் வேண்டும். படங்களில் எழுத்துப் பொறிக்கும் இமேஜ்மேஜிக் என்னும் கருவிக்கு 'ராக்ம்' என்னும் யூஸ் குறி ஒன்றுண்டு. ஆங்கிலம் மட்டும் எழுதுவோர்க்கு அக்குறி தேவையில்லை. அதனை விலக்கிக் கட்டியவர் குறையேதும் காணார். அப்படிக் கட்டிய கருவியில் நம் விழா அழைப்பிதழின் தலைப்பைப் பொறித்தால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறும். தெலுங்குத் தலைப்பின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. குறியை ஏற்றி மீண்டும் ஒருமுறை கட்டினால் இரு மொழிக்கும் எழுத்து நேராக அமைகிறது. பழைய கணிப்பொறியிலும் அதற்குச் சில நிமிடங்களே செல்லும்.