பொட்டு வெச்சா மட்டும் போதுமா? துருவை எதிர்த்த கதை



போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்குக்கு வந்தவங்க பார்த்திருப்பீங்க. பின்பக்க ஸ்டோரைத் திறந்தா மண்வெட்டி, பாராங், ஸ்பேனர் எல்லாம் செம்மண் பூசின மாதிரி துரு. அதுக்குள்ள ஒரு பால்வெட்டும் கத்தி. நம்ம கோவில் ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துல ஒரு பாட்டி மரம் வெட்டின கத்தி அது. அவங்க குடும்பம் கோவிலுக்கே குடுத்துட்டாங்க. வாய்ப்பக்கம் அரிச்சுப் போச்சு. போன ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வெச்சவன் நான்தான். அதனால மனசு கேக்கல, இதை எழுதுறேன்.

இரும்பு இருக்கிற காலம் தொட்டு மனுசன் துருவோட சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கான். டெல்லியில குதுப் மினார் பக்கத்துல ஒரு இரும்புத் தூண் நிக்குது. சுமார் 1,600 வருசம் பழசு, குப்தர் காலம். 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல எடை. விஷ்ணுவுக்குக் கொடித்தூணா நாட்டினதுன்னு அதுல பொறிச்ச எழுத்தே சொல்லுது. வெட்டவெளியில நின்னும் அது அரிச்சுப் போகல. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் காரணத்தை ஆராய்ந்தார். அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம். அதனால மேல ஒரு மெல்லிய படலம் உண்டாகி இரும்பைக் காக்குது. டெல்லியோட காய்ந்த காற்றும் அதுக்கு உதவி.

1837இல் பிரான்சு நாட்டு சோரெல் என்பவர், இரும்பை உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கிற முறைக்கு உரிமம் வாங்கினார். நம்ம வீட்டு சிங்க் கூரை அந்த வழியில வந்ததுதான். துத்தநாகம் முதல்ல தான் அரிபட்டு இரும்பைக் காப்பாத்தும். ஆனா கத்தி, உளிக்கு இது சரிவராது. தீட்டினா பூச்சு போயிடும்.

அதுக்கு 19ஆம் நூற்றாண்டு மேல்நாட்டுப் பட்டறைக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒரு பவுண்டு பன்றிக் கொழுப்பை உருக்கி அரை அவுன்ஸ் கற்பூரம் கலந்து கருவியில பூசினாங்க. கருவிப் பெட்டிக்குள்ள கற்பூரக் கட்டியும் போட்டு வெச்சாங்க. நாம சாமிக்குக் காட்டுற அதே கற்பூரம்! அது ஆவியாகி இரும்பு மேல படியும். இப்போ ஃபேக்டரியில பாகங்களைச் சுத்தி அனுப்புற வி.சி.ஐ. தாள்ல மருந்து வேற, ஆனா ஆவியா வந்து படியுற வழி அதேதான்.

1953இல் அமெரிக்காவுல சான் டியாகோ ஊர்ல ராக்கெட் கெமிக்கல் கம்பெனி, தண்ணியை விரட்டுற ஒரு திரவம் செய்ய முயற்சி பண்ணுச்சு. 40ஆவது தடவைதான் சரியா வந்துச்சு. அதுதான் டபிள்யூ.டி.-40. அட்லஸ் ஏவுகணையோட வெளித்தகடு துருப்பிடிக்காம இருக்க முதல்ல பயன்பட்டுச்சு. 1958இல் கடைக்கு வந்துச்சு.

இத்தனை வழியிலயும் விசயம் ஒண்ணுதான்: இரும்பையும் தண்ணியையும் சேர விடாதே. நாம என்ன செய்யறோம்? ஈரச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், எலுமிச்சம்பழம் வெட்டி வைக்கிறோம், துடைக்காம அட்டைப் பெட்டியில போட்டு சிமெண்டு தரையில விட்டுடறோம். காற்றுல ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகமா பிடிக்கும். நம்ம ஊர்ல 80 சாதாரணம். பூஜையில குறை இல்லைங்க, பூஜைக்கு அப்புறம்தான் குறை.

அதனால இந்த வருசத்துல இருந்து:

விஜயதசமி பூஜை முடிஞ்சதும் பொட்டைத் துடைச்சுக் காய வைக்கணும். மெஷின் எண்ணெய் லேசா பூசணும். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானா பிசுபிசுன்னு ஒட்டும். மண்வெட்டி, பாராங்கைச் சுவத்துல மாட்டணும். சின்னக் கருவியை மூடுற பெட்டியில சிலிக்கா ஜெல்லோ கற்பூரமோ போட்டு வைக்கணும். கற்பூரம் தீப்பிடிக்கும், விளக்குப் பக்கம் வேண்டாம்.

அந்தக் கத்தியை மண்ணெண்ணெயில ஊற வெச்சுத் தேய்ச்சுட்டேன். பழைய கூர் திரும்பாது, ஆனா இனிமேல் அரிக்காது. மாசம் முதல் ஞாயிறு காலை பூஜைக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஸ்டோருக்கு ரெண்டு பேர் வேணும். இளைஞர்கள் யாராவது வாங்க தம்பி, தங்கச்சி. நான் அங்கதான் இருப்பேன்.